மூழ்கும் கலம் செய்வார் தூக்கும் கலமும் செய்க!

தேர் செய்கின்ற ஊரார் முட்டுக்கட்டையையும் உடன் செய்து வைப்பர். கிணறு தூர் வாருவோர், மேலே கயிறு பிடிக்க இருவரை நிறுத்தாமல் ஒருவனைக் கீழே இறக்கார். இறக்குகின்ற கைக்கே ஏற்றுகின்ற பொறுப்பும் உண்டு என்பது, எழுத்தறியாத உழவனும் அறிந்த உண்மை. ஆனால், அணுவுலையையும் ஏவுகணையையும் வயிற்றில் அடக்கிய நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டிக் கடலுக்குள் அனுப்புகின்ற வல்லரசுகள் இவ்வுண்மையை மறந்தன. மறந்ததோடு நில்லாமல், மறந்ததை மறைக்கவும் முயன்றன. அம்மறதிக்கு விலை கொடுத்தோர் அமைச்சர்கள் அல்லர், படைத்தலைவர்களும் அல்லர். ஆணைக்கு அடங்கிக் கடலடிக்குச் சென்ற இளங் கடலோடிகளே அவ்விலையைத் தம் உயிரால் கொடுத்தனர்.

கடற்படை என்றவுடன் மக்கள் கண்முன் நிற்பவை போர்க்கப்பலும் பீரங்கியும் ஏவுகணையுமே. விழா நாளில் அணிவகுப்பவையும் அவையே. ஆனால், கடலடியில் பழுதுற்றதை மீட்கும் கருவிகள் வேறு. சுமைமிதவை என ஒன்று உண்டு. தன்னைத் தானே ஓட்டும் பொறி இல்லாமல், தட்டையான அடியும் அகன்ற மேல்தளமும் கொண்டு, இழுவைக் கப்பலால் இழுத்துச் செல்லப்படுவது அது. அத்தகைய மிதவையின்மேல் பாரந்தூக்கியை நிறுத்தினால் அது மிதவைப் பாரந்தூக்கி ஆகும். கடலின் அடியில் பழுதுற்றது நீர்மூழ்கியே ஆகட்டும், பகைவர் கப்பலின் ஓசையை ஒற்றுக் கேட்கும் கருவியே ஆகட்டும், நங்கூர வடமே ஆகட்டும். மூழ்குநரை இறக்கவும், மீட்புக் கலத்தை நீரில் விடவும், அறுத்ததை மேலே எடுக்கவும், அலைக்கு அசையாத ஒரு தளமும் பிழை செய்யாத ஒரு தூக்குங் கையும் கட்டாயம் வேண்டும். இவை அழகற்ற கலங்கள். எந்தப் பகைவனையும் அச்சுறுத்தாத கலங்கள். அதனாலேயே, பணமுடை வந்தவுடன் இவற்றின்மேல்தான் முதல் வெட்டு விழுகின்றது. அவ்வெட்டு எவர் கழுத்தில் சென்று முடிகின்றது என்பதற்குக் கூர்சுக் என்னும் உருசிய நீர்மூழ்கியே உலகறிந்த சான்று.

கூர்சுக், 154 மீட்டர் நீளமுடைய அணுவாற்றல் நீர்மூழ்கி. 24 ஏவுகணைகளைச் சுமக்கவல்லது. 1994 ஆம் ஆண்டின் இறுதியில் உருசிய வடகடற்படையில் சேர்க்கப்பட்டது. அதனை மூழ்கடிக்க எவராலும் இயலாது என அதனைச் சார்ந்தோர் பெருமை பேசினர். 2000 ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 12 ஆம் நாள் காரிக்கிழமை, பேரண்ட்சுக் கடலில் நடந்த பெரும் போர்ப்பயிற்சியின்போது, முற்பகல் 11 மணி 28 மணித்துளி அளவில் அதன் முன்னறையில் ஒரு வெடிப்பு நேர்ந்தது. இரண்டு மணித்துளிகளுக்குச் சற்று மிகுதியாகக் கழிந்ததும், முன்னதினும் பன்மடங்கு பெரிய இரண்டாம் வெடிப்பு நிகழ்ந்தது. பயிற்சிக்கென ஏற்றியிருந்த நீரடிக் கணை ஒன்றில் எரிபொருளோடு சேர்க்கும் ஐதரசன் பெராக்சைடு கசிந்ததே முதல் வெடிப்புக்குக் கரணியம் என அரசின் ஆய்வே பின்னர்க் கூறியது. கலம் 108 மீட்டர் ஆழத்தில் தரைதட்டியது. அதனுள் இருந்தோர் 118 பேர்.

108 மீட்டர் என்பது கலத்தின் நீளத்திலும் குறைவு. கூர்சுக்கைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தால் அதன் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி அலைக்குமேல் நின்றிருக்கும். அத்துணைச் சிறிய ஆழத்தில், தன் நாட்டுக் கரைக்கு அண்மையில், தன் நாட்டுப் போர்க்கப்பல்கள் சூழ நின்ற இடத்தில் அது கிடந்தது. நார்வே நாட்டு நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் அவ்விரு வெடிப்புகளையும் அந்நொடியே பதிந்துகொண்டன. ஆயினும், வடகடற்படை இடுக்கண் அறிவிப்பை வெளியிட்டது இரவு பத்து மணிக்கு மேல். நண்பகலுக்கு முன் வெடித்த கலத்தை நள்ளிரவை ஒட்டித் தேடப் புறப்பட்டனர். மறுநாள் விடியும் வேளையில்தான் அது கிடந்த இடத்தைக் கண்டனர்.

கண்டபின் செய்தது என்ன? மீட்புத் தாய்க்கப்பலாக அங்கு வந்தது உருத்னித்சுகி என்னும் கலம். அது முன்பு மரம் ஏற்றும் கப்பலாக இருந்து பின் மாற்றப்பட்டது. அலையிலும் நீரோட்டத்திலும் ஒரே புள்ளியில் நிலைத்து நிற்கும் பொறியமைப்பு அதற்கு இல்லை. நங்கூரங்களை நாற்புறமும் இட்டே நிற்க வேண்டும். காற்று வலுத்தால் அதன் தூக்கியால் சிறு மீட்பு நீர்மூழ்கியை நீரில் இறக்க இயலாது. இறக்கியபோதும், அச்சிறு கலங்களால் கூர்சுக்கின் தப்பிப்பு வாயிலைக் கவ்விப் பிடிக்க முடியவில்லை. அவற்றின் மின்கலங்கள் விரைவில் தீர்ந்தன. மீண்டும் மின்னேற்றி இறக்குவதற்குள் நேரம் ஓடியது. பின்னர், அவற்றினும் எளிதில் திரும்பவல்ல மற்றொரு மீட்புக் கலத்தை மிதவைப் பாரந்தூக்கி ஒன்றில் ஏற்றிக் கொண்டுவந்தனர். வானிலை கெட்டிருந்ததால் அத்தூக்கியால் அதனைக் கடலில் இறக்க இயலாமற் போயிற்று. கரையோரத்து அமைதி நீரில் இறக்கி, அங்கிருந்து இழுவைக் கப்பலால் இழுத்துவர வேண்டியதாயிற்று. கடலடியில் மாந்தர் மூச்சுக்குத் தவித்துக் கொண்டிருந்ததாக உலகமே எண்ணிக் கலங்கிய நாட்களில், கடல்மேல் ஒரு பாரந்தூக்கி காற்றுக்கு அஞ்சி ஒதுங்கி நின்றது. ஓர் அரசின் முறைகேட்டை இதனினும் தெளிவாகக் காட்ட வேறு படம் வேண்டுமோ?

கருவி இல்லாத இடத்தைப் பொய் நிரப்பியது. நேர்ச்சி நிகழ்ந்தது காரிக்கிழமை; திங்கட்கிழமை வரை மக்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. சொன்னபோது, நேர்ச்சி ஞாயிற்றுக்கிழமை நடந்ததாகச் சொன்னார்கள். சிறு பழுது என்றார்கள். உள்ளிருப்போரோடு தொடர்பு இருக்கின்றது என்றார்கள். அயல்நாட்டு நீர்மூழ்கி வந்து மோதியது என்றார்கள். நீரோட்டம் கடுமை, நீர் கலங்கல், வாயில் சிதைந்துவிட்டது என்று அடுக்கினார்கள். குடியரசுத் தலைவர் விளாதிமிர் புதின் கருங்கடற் கரையில் ஓய்வில் இருந்தார். உறவினரைக் காண அவர் கடற்படைக் குடியிருப்புக்குச் சென்றது 22 ஆம் நாள். அதற்கு முன்னரே, அமைச்சரைப் பார்த்துக் கதறி முறையிட்ட ஒரு தாய்க்கு, அவ்விடத்திலேயே மயக்க ஊசி ஏற்றி அப்புறப்படுத்திய காட்சியை உலகம் தொலைக்காட்சியில் கண்டது. நீர்மூழ்கிக்கு என்ன நேர்ந்தது என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வினவியபோது, 'அது மூழ்கிவிட்டது' என்று முறுவலோடு விடையிறுத்தார் புதின். 118 உயிர்களுக்கு ஈடாக ஓர் அரசு தந்த விளக்கம் அவ்வொற்றைத் தொடர்!

பிரித்தானியாவும் நார்வேயும் உதவ முன்வந்தன. உருசியா அதனை ஏற்றது 16 ஆம் நாள். பிரித்தானிய மீட்புக் கலமும் நார்வே மூழ்குநர் கப்பலும் 19, 20 ஆம் நாட்களில் வந்து சேர்ந்தன. வந்த மூழ்குநர் வடகடலில் எண்ணெய்க் கிணறுகளில் கூலிக்குப் பணி செய்வோர், படைவீரர் அல்லர். அவர்தம் கப்பலோ நங்கூரமின்றி ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் பொறியமைப்பு உடையது. அவர்கள் இறங்கிப் பார்த்தபோது வாயில் சிதைந்திருக்கவில்லை. நீரும் சொல்லப்பட்டவாறு கலங்கியிருக்கவில்லை. 21 ஆம் நாள் வாயிலைத் திறந்தனர். உள்ளே நீர் நிறைந்திருந்தது. ஒன்பது நாட்களாக ஒரு பெரும் கடற்படையால் திறக்க முடியாத கதவை, எண்ணெய்த் தொழிலாளர் ஒருநாட் பணியில் திறந்து காட்டினர். அவர்களுக்கு இருந்தது தனித்திறம் மட்டுமன்று. மேலே நிலையான தளமும், கீழே இறக்கத் தக்க தூக்கியும், நாள்தோறும் பழகிய கையும் இருந்தன. அவையே வேறுபாடு.

அக்டோபர்த் திங்களில் மூழ்குநர் கலத்தின் பின்பகுதியைத் துளைத்து உள்ளே புகுந்து 12 உடல்களை எடுத்தனர். அவற்றுள் ஒன்று திமித்ரி கொலெசுனிகோவ் என்னும் இளம் அலுவலர் உடல். அவர் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. வெடிப்புக்குப் பின் 23 பேர் ஒன்பதாம் அறைக்கு வந்து சேர்ந்தனர் என்பதை, ஒவ்வொருவர் பெயராகக் குறித்திருந்தார். இருளில், தடவித் தடவி எழுதுவதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார். மனைவிக்கும் சில சொற்கள் எழுதினார். மேலே அரசு இன்னும் விழித்துக்கொள்ளாத அந்தப் பிற்பகலில், கீழே சாவை எதிர்நோக்கிய ஒருவர் தம் கடமையைச் செய்து, பெயர்களைச் சரிபார்த்து முடித்திருந்தார். யார் படைத்தலைவர், யார் கடமை தவறியவர் என்று அத்தாளே தீர்ப்பு எழுதிவிட்டது.

இனி, அரசின் பக்கம் நின்று வழக்காடுவோர் சொல்லும் மூன்று சாக்குகளை எடுத்துக்கொள்க.

முதற் சாக்கு, 'அவர்களை எவராலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் அனைவரும் இறந்துவிட்டனர்' என்பது. உயிர்வளி தரும் வேதித் தகடு ஒன்று நீரும் எண்ணெயும் பட்டுத் தீப்பற்றியதால் அவர்கள் மடிந்தனர் என்றே அரசின் ஆய்வும் முடித்தது. அம்முடிபையே மெய்யெனக் கொள்வோம். எட்டு மணி நேரத்தில் இறந்தனர் என்றால், பத்து மணி நேரத்துக்கு மேல் இடுக்கண் அறிவிப்பே வெளியிடாமல் இருந்தது யார் குற்றம்? இச்சாக்கு அரசை விடுவிக்கவில்லை. அதன் கையில் விலங்கைப் பூட்டுகின்றது. அன்றியும், எட்டு மணி நேரக் கணக்கு பல திங்கள் கழித்து எழுதப்பட்டது. அவ்வாகத்து நாட்களில் அக்கணக்கை அறிந்தவர் ஒருவரும் இலர். உயிரோடு இருக்கக்கூடும் என்று நம்பிய நாட்களிலேயே அயலார் உதவியை நான்கு நாட்கள் தட்டிக் கழித்தனர் என்பதே அவர்மேல் நிற்கும் பழி.

இரண்டாம் சாக்கு, வறுமை. சோவியத்து ஒன்றியம் உடைந்தபின் பணம் இல்லை, ஊதியமே கொடுக்க முடியவில்லை, மீட்புக் கப்பலுக்கு எங்குப் போவது என்பர். வறுமை உண்மையே. ஆனால், ஏவுகணைகளோடு அக்கலத்தைக் கடலுக்கு அனுப்பவும், பெரும் பயிற்சி நடத்தி உலகுக்குக் காட்டவும் பணம் இருந்ததே! வறியவன் தேரை ஓட்டாமல் நிறுத்தலாம். முட்டுக்கட்டையை விற்றுவிட்டுத் தேரோட்டக் கூடாது. அதனினும் வியப்பு என்ன எனின், உயிரோடு இருந்தாரைத் தூக்க இல்லாத பணம், அவர்கள் இறந்தபின் கலத்தைத் தூக்க ஓராண்டிலேயே கிடைத்தது.

அத்தூக்கும் பணியைச் சற்றே விரித்துக் காண்போர், கருவி இருந்தால் எதெல்லாம் முடியும் என்பதை உணர்வர். 2001 ஆம் ஆண்டு மே திங்களில் மாமூத் என்னும் ஆலந்து நிறுவனத்தோடு உருசியா ஒப்பந்தம் செய்தது. சுமிட் என்னும் மற்றோர் ஆலந்து நிறுவனமும் உடன் சேர்ந்தது. வெடிக்காத கணைகள் தூக்கும்போது உதிர்ந்து தீங்கு செய்யலாம் என அஞ்சி, சிதைந்த முன்பகுதியை முதலில் அறுத்துப் பிரித்தனர். கடலடித் தரையில் இரு புறமும் இரண்டு பெரும் உருளைகளைப் பதித்து, அவற்றிடையே பற்கள் கொண்ட எஃகு வடத்தை முன்னும் பின்னும் இழுத்து, வாள்போல் அறுத்தனர். மூழ்குநர் கலத்தின் முதுகில் 26 துளைகள் இட்டனர். மேலே சயன்ட்-4 என்னும் பெருஞ் சுமைமிதவை வந்து நின்றது. அதில் 26 நீர்மவிசைத் தூக்கிகள். ஒவ்வொன்றிலிருந்தும் 54 எஃகு இழைகள் சேர்ந்த ஒரு வடக் கற்றை. அலையில் மிதவை ஏறி இறங்கும்போது வடம் அறுந்துவிடாதவாறு, அழுத்தப்பட்ட வளி நிரம்பிய உருளைகள் ஒவ்வொரு தூக்கியையும் தாங்கின.

அக்டோபர் 8 ஆம் நாள் கூர்சுக் தரையை விட்டு எழுந்தது. மிதவையின் வயிற்றோடு ஒட்டித் தொங்கியவாறே இழுத்துச் செல்லப்பட்டு, 10 ஆம் நாள் மூர்மான்சுக்கை அடுத்த உரோசிலியாக்கோவோவை அடைந்தது. மிதவையும் கலமும் சேர்ந்து மிக ஆழமாக அமிழ்ந்திருந்ததால், மிதவையின் அடியில் இரண்டு துணை மிதவைகளைச் செருகி உயர்த்தி, பி.டி-50 என்னும் மிதக்கும் கலந்துறைக்குள் சேர்த்தனர். ஒப்பந்தம் முதல் தூக்கியது வரை ஐந்தே திங்கள். 118 பேரில் 115 பேர் உடல்கள் உறவினர் கைக்குச் சேர்ந்தன. இவை எல்லாம் நிகழ்ந்தது அதே பேரண்ட்சுக் கடலில், அதே ஆழத்தில்.

மூன்றாம் சாக்கு, புயலும் மறைபொருளும். வானிலை தடுத்தது என்பர். வடமுனைக்கு அண்மையிலுள்ள கடலில் காற்று அடிக்கும் என்பது புதிய செய்தியோ? எக்கடலுக்கு நீர்மூழ்கியை அனுப்புகின்றாயோ, அக்கடலின் அலைக்கு ஈடுகொடுக்கும் மீட்புக் கலம் உன்னிடம் இருக்க வேண்டும். குளத்துக்கு ஏற்ற தூக்கியை வைத்துக்கொண்டு பெருங்கடலில் போர்ப்பயிற்சி நடத்துவோன், காற்றைப் பழிக்க உரிமையற்றவன். படை மறைகள் அயலார் கண்ணில் படலாகாது என்பர். அயலாருடைய நிலநடுக்கக் கருவிகள் முன்னரே கேட்டுவிட்ட ஓசையை எவரிடமிருந்து மறைப்பது? மறைக்கப்பட்டது அயலாரிடம் அன்று. சொந்த நாட்டுத் தாய்மாரிடம்.

கருவியும் பழக்கமும் உயிரைக் காக்கும் என்பது வெறும் கருத்தன்று. வரலாறு அதனை ஒரு திங்களுக்குள் இருமுறை எழுதிக் காட்டியுள்ளது. 1939 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் அமெரிக்காவின் சுகுவாலசு என்னும் நீர்மூழ்கி ஏறத்தாழ 74 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. பின்பகுதியில் நீர் புகுந்ததால் 26 பேர் மாண்டனர். 33 பேர் முன்பகுதியில் உயிரோடு இருந்தனர். மறுநாளே பால்கன் என்னும் மீட்புக் கப்பல் மேலே வந்து நின்றது. மணி வடிவான மீட்பு அறையை வடத்தால் இறக்கி, நான்கு முறை சென்று 33 பேரையும் மேலே கொணர்ந்தனர். பின்னர், நீர் நிறைத்து அமிழ்த்திய மிதவைகளைக் கலத்தோடு கட்டி, அவற்றுள் வளியைச் செலுத்தி, அந்நீர்மூழ்கியையே தூக்கினர். மறு ஆண்டு அது வேறு பெயரில் மீண்டும் கடற்பணி ஏற்றது.

சுகுவாலசு மூழ்கி ஒன்பதாம் நாள், சூன் 1 ஆம் நாள், பிரித்தானியாவின் தெட்டிசு என்னும் புதிய நீர்மூழ்கி இலிவர்ப்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டத்தில் மூழ்கியது. உள்ளே 103 பேர். அதன் வால்பகுதி நீருக்கு மேலே கண்ணுக்குத் தெரிய நின்றது! உள்ளிருந்தோருக்கும் வெளியே நின்றோருக்கும் இடையே இருந்தது எஃகுத் தகடு மட்டுமே. உரிய தூக்குங் கலமும் அறுக்குங் கருவியும் நேரத்தில் வரவில்லை. வாலைத் தாங்கக் கட்டிய வடமும் அறுந்தது. தப்பியோர் நால்வர், மாண்டோர் 99 பேர். அமெரிக்கன் அறிவாளி, ஆங்கிலேயன் அறிவிலி என்பதன்று இதன் பொருள். ஒரு பக்கம் இறக்கும் முன்னரே ஏற்றும் வழியைச் செய்து பழகியிருந்தனர்; மறுபக்கம் செய்திருக்கவில்லை. அவ்வளவே.

தூக்குங் கலம் உயிரைக் காப்பதோடு உண்மையையும் காக்கும். 1955 ஆம் ஆண்டு சூன் 16 ஆம் நாள், பிரித்தானியத் துறைமுகம் ஒன்றில் சைடன் என்னும் நீர்மூழ்கியில் பெராக்சைடுக் கணை வெடித்து 13 பேர் இறந்தனர். ஒரே கிழமையில் அதனைத் தூக்கி ஆராய்ந்து, கரணியம் கண்டு, அவ்வகைக் கணையையே அக்கடற்படை கைவிட்டது. கூர்சுக்கில் வெடித்ததும் அதே வேதி நீர்மம். 45 ஆண்டுகளுக்குப் பின்! உலகுக்கு ஏற்கெனவே எழுதிக் காட்டப்பட்ட பாடத்தைப் படியாமல் விட்டதற்கு 118 உயிர்கள் தண்டமாயின. கூர்சுக்கின் முன்பகுதியிலோ சில துண்டுகளே 2002 இல் எடுக்கப்பட்டன; எஞ்சியதைக் கடலடியிலேயே வெடிவைத்துத் தகர்த்தனர். வெடிப்பு தொடங்கிய இடமே முழுமையாக மேலே வரவில்லை.

பொறுப்பேற்றோர் யார்? வடகடற்படைத் தலைவர் போப்போவ் உள்ளிட்ட சிலர் 2001 ஆம் ஆண்டு திசம்பரில் பணிநீக்கம் பெற்றனர். அப்போப்போவ் அடுத்த ஆண்டே நாடாளுமன்ற மேலவையில் இருக்கை பெற்றார். 2002 இல் எவர்மேலும் குற்றச்சாட்டு இன்றி வழக்கு மூடப்பட்டது. கணை குற்றவாளி, கடல் குற்றவாளி, காற்று குற்றவாளி. மாந்தர் எவரும் குற்றவாளி அல்லர்!

பின்னர்ப் பாடம் கற்றனரா எனின், பாதி கற்றனர். 2005 ஆம் ஆண்டு ஆகத்து 4 ஆம் நாள், கம்சாத்கா அருகே, ஏ.எசு-28 என்னும் சிறு மீட்பு நீர்மூழ்கி, கடலடியில் நிறுவப்பட்ட படைத்துறை ஒற்றுக் கருவியின் வடங்களிலும் மீன்வலைகளிலும் சிக்கியது. ஆழம் 190 மீட்டர், உள்ளே எழுவர். மீட்கப் பிறந்த கலமே மீட்க ஆளின்றித் தவித்தது. இம்முறை உருசியா காலந்தாழ்த்தாமல் உலகை அழைத்தது. பிரித்தானியர் தொலைவிலிருந்து இயக்கும் கருவியை வானூர்தியில் கொணர்ந்து, தூக்கியுடைய உருசியத் துணைக்கப்பல் ஒன்றில் ஏற்றிச் சென்று, வடங்களை வெட்டினர். 7 ஆம் நாள் எழுவரும் உயிரோடு வெளிவந்தனர். செருக்கு ஓர் அடி இறங்கியது. ஏழு உயிர் மேலே ஏறியது. கூர்சுக்கின் அழிவுக்குப் பின், 2003 இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நீர்மூழ்கி மீட்பு இணைப்பு அலுவலகமும் அம்மீட்புக்குத் துணைநின்றது.

மறுபாதிப் பாடத்தை அவர்கள் கற்கவில்லை. கூர்சுக்கை ஏந்திய அதே பி.டி-50 மிதக்குந் துறை, 2018 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் தானே மூழ்கியது. உருசியாவின் மிகப் பெரிய மிதக்குந் துறை அது. வான்படைத் தாங்கிக் கப்பலான குசுனெத்சோவை வெளியேற்றும் வேளையில் மின்சாரம் அறுந்தது. நீரேற்றும் பொறிகள் கட்டுப்பாடு இழந்தன. துறையின் மேலிருந்த பாரந்தூக்கி சரிந்து, கப்பலின் தளத்தைப் பிளந்தது. உயிரிழப்பும் நேர்ந்தது. பழுது பார்க்கும் இடத்தையே பழுதுற விட்ட நாட்டுக்கு எத்துணை ஏவுகணை இருந்தென்ன?

அயல்நாட்டைப் பழித்துவிட்டு அமைதி கொள்வது எளிது. ஆனால் இந்திய ஒன்றியத்தின் கணக்கும் வெண்மையாக இல்லை. இந்தியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான கல்வரி சேர்க்கப்பட்டது 1967 திசம்பர் 8. ஆழ்கடலில் சிக்கியோரை மீட்கும் தனக்கே உரிய சிறு நீர்மூழ்கியை அக்கடற்படை முதன்முறையாகச் சேர்த்தது 2018 திசம்பரில். இடைப்பட்டவை 51 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் கடலோடிகள் இறங்கிக்கொண்டே இருந்தனர். 2013 ஆகத்து 14 ஆம் நாள் சிந்துரட்சக் என்னும் நீர்மூழ்கி மும்பைக் கடற்படைத் துறையிலேயே வெடித்து மூழ்கி 18 பேர் மாண்டனர். துறைமுகத்தின் சுவரோரம், கைக்கெட்டும் ஆழத்தில் கிடந்த அதனைத் தூக்க, அமெரிக்க மீட்பு நிறுவனம் ஒன்றின் இந்தியக் கிளையை அமர்த்த வேண்டியதாயிற்று. அது மேலே வந்தது 2014 சூன் திங்களில். ஏறத்தாழ பத்துத் திங்கள் கழித்து. 2025 சூலை 18 ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் நிசுதார் என்னும் மூழ்குநர் துணைக்கப்பல் சேர்க்கப்பட்டது. அது அந்நகரின் கப்பல்தளத்திலேயே கட்டப்பட்டது, பாராட்டத் தக்கது. ஆயின், காலம் கடந்து வந்த நன்மையைப் பாராட்டும்போது, கடந்த காலத்தின் கணக்கையும் கேட்பது குடிமக்கள் கடமை.

திருக்குறளின் பொருட்பாலில் படைக்கென அமைந்த அதிகாரங்கள் இரண்டு. படைமாட்சி 77 ஆவது. படைச்செருக்கு 78 ஆவது. மாட்சி முன்னே நிற்கின்றது. செருக்கு அதன்பின் வருகின்றது. மாட்சி உடைய படைக்கே செருக்குப் பொருந்தும் என்னும் முறைவைப்பு அது. இற்றை வல்லரசுகளோ வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. செருக்கை முதலில் கட்டி நீரில் இறக்குகின்றன; மாட்சிக்குப் பணம் எஞ்சினால் பார்ப்போம் என்கின்றன. படையின் மாட்சி என்பது பகைவனைக் கொல்லும் ஆற்றல் மட்டுமன்று. தன் ஆணைக்கு அடங்கி இறங்கியவனை மீட்டுக் கொணரும் ஆற்றலும் அதனுள் அடங்கும்.

ஆகவே, எந்நாடாயினும் கேட்கப்பட வேண்டியவை இவையே. நீர்மூழ்கி ஒன்றைக் கடலில் விடும் அரசு, அக்கடலின் அலைக்கு ஏற்ற சுமைமிதவையும் பாரந்தூக்கியும் மூழ்குநர் கப்பலும் தன்னிடம் ஆயத்தமாக உண்டு என்று அன்றே மக்கள்முன் காட்டுக. இல்லையெனில், எவ்வண்டை நாட்டிடம் உண்டோ, அந்நாட்டோடு முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொள்க. உயிர் ஊசலாடும் நாளில் நான்கு நாள் எண்ணிக்கொண்டிராதே. மீட்புப் பயிற்சியைப் போர்ப்பயிற்சிக்கு முன் நடத்துக. நேர்ச்சி நேர்ந்த அந்நாளே மக்களிடம் உண்மையைச் சொல்லுக. இந்நான்கையும் செய்ய இயலாத அரசு, கலத்தைக் கரையிலேயே கட்டி வைக்கட்டும். அதனால் எவர்க்கும் மானக்கேடு இல்லை.

ஒரு நாட்டின் வலிமையை அறிய அதன் ஏவுகணைகளை எண்ண வேண்டா. ஆழத்தில் சிக்கிய தன் எளிய கடலோடி ஒருவன் உள்ளிருந்து எஃகைத் தட்டினால், எத்தனை மணி நேரத்தில் மேலே ஒரு தூக்குங் கலம் வந்து நிற்கும் என்று எண்ணுக. அவ்வெண்ணே அந்நாட்டின் வலிமை. அதுவே அந்நாட்டின் அறமும் ஆகும்.